பெயர் இருந்தது, சரக்கு மாறியது

மலிவுச் சரக்கில் திருப்தி இல்லை, உயர்ந்த சரக்கு கட்டுப்படியாகாது என்கிற நடுத்தர வாடிக்கையாளர்தான் நம் கடைகளைத் தாங்குகிறவர். அமெரிக்காவில் அப்படிப்பட்டவரை நம்பி வளர்ந்த கார் ஓல்ட்ஸ்மொபைல்.

1897-ல் ரேன்சம் ஓல்ட்ஸ் தொடங்கிய கம்பெனி இது. 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வசம் வந்தது. மலிவான செவ்ரோலேக்கு மேலே, உயர்ந்த கேடிலாக்குக்குக் கீழே இதன் இடம். வாங்கிய கூடுதல் விலைக்குக் கூடுதல் தரமும் கொடுத்தார்கள். 1940 மாடலில் தானியங்கி கியர், 1949 மாடலில் 'ராக்கெட்' இன்ஜின். 1977-ல் ஆண்டு விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

அதே ஆண்டில்தான் குட்டு வெளிப்பட்டது. ராக்கெட் இன்ஜின் என்று நம்பி வாங்கிய பல கார்களில் செவ்ரோலே இன்ஜின் இருந்தது! வாங்கியவர்கள் வழக்குப் போட, கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. பிறகும் பாடம் படிக்கவில்லை. 1980-களில் ஒரே மாதிரி கார்கள் பல பெயர்களில் வந்தன. பெயருக்காகக் கூடுதல் பணம் ஏன் தரவேண்டும் என்று வாடிக்கையாளர் யோசித்தார். 1988-ல் 'இது அப்பா காலத்து வண்டி அல்ல' என்கிற பாணியில் விளம்பரம் செய்தும் இளைஞர்கள் வரவில்லை. 2004 ஏப்ரல் 29-ல் கடைசி கார் வெளிவந்தது. 107 ஆண்டுப் பெயர் முடிந்தது.

ஒரே துவரம்பருப்பை இரண்டு சாக்கில் கட்டி இரண்டு விலை சொல்ல நமக்கும் ஆசை வரும். முதல் மாதம் லாபம்தான். விஷயம் தெரிந்த அன்று, நல்ல பருப்பையும் நம்மிடம் நம்பி வாங்க ஆள் இருக்காது.