சுங்கச் சாலையா, சேவைச் சாலையா? பத்து மீட்டரில் தடுமாறும் செயற்கைக்கோள்

பெங்களூரு: சுங்கச்சாவடிகளே இல்லாமல், வாகனம் ஓடிய தூரத்தைச் செயற்கைக்கோள் மூலம் கணக்கிட்டுக் கட்டணம் வசூலிக்கும் திட்டம் இரு நெடுஞ்சாலைகளில் சோதிக்கப்பட்டதாக மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஒன்று ஹரியானாவின் பானிபட் - ஹிசார் சாலை. மற்றொன்று பெங்களூரு - மைசூரு சாலை.

இதைவிடக் கடினமான சோதனைக் களம் கிடைப்பது அரிது. 2023 மார்ச்சில் பிரதமர் திறந்துவைத்த இச்சாலையில், நடுவே கட்டணத்துக்குரிய ஆறு வழிகள். வேலிக்கு அப்பால் இருபுறமும் கட்டணமில்லாச் சேவைச் சாலைகள். சேவைச் சாலைப் பணி முடியும் முன்பே சுங்கமா என்று காங்கிரசாரும் கன்னட அமைப்பினரும் அப்போதே போராட்டத்தில் இறங்கினர்.

செயற்கைக்கோளின் சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டே வாகனத்தின் இடம் கணிக்கப்படுகிறது. விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 30 சென்டிமீட்டர் தவறிவிடும். அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியாவில் இத்தொல்லை அதிகம். மேம்பாலங்களும் கட்டடங்களும் சமிக்ஞையை மறைத்தும் எதிரொலித்தும் குழப்புகின்றன. சாதாரணக் கருவியில் ஐந்து, பத்து மீட்டர் பிழை வியப்புக்குரியதல்ல. சேவைச் சாலையில் சென்றவர் சுங்கச் சாலையில் சென்றதாகப் பதிவாக இதுவே போதும்.

விந்தை என்னவென்றால், வேகத்தை அதே கருவி மிகத் துல்லியமாகச் சொல்லிவிடும். டாப்ளர் விளைவு எனப்படும் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு அது அளக்கப்படுவதால், திறந்தவெளியில் சீராகச் செல்லும் வாகனத்தின் வேகத்தில் பிழை மணிக்கு ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அருகருகே ஓடும் இரு சாலைகளில் வாகனம் எதில் சென்றது என்பதை வேகம் காட்டிக்கொடுக்காது.

பிழை திருத்தும் வசதி பெங்களூருவிலேயே உள்ளது. இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் உருவாக்கிய ‘ககன்’ அமைப்பின் கட்டுப்பாட்டு மையம் இந்நகரின் குந்தலஹள்ளியில் இயங்குகிறது. நாடெங்கும் 15 நிலையங்கள் பிழையை அளக்க, திருத்தம் செயற்கைக்கோள் வழியே அனுப்பப்படுகிறது. அதன் துணையுடன் 2022 ஏப்ரலில் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோ விமானம் தரையிறங்கியது. ஆனால் சுவரில் பட்டு எதிரொலிக்கும் சமிக்ஞையை ககனாலும் திருத்த இயலாது.

சொந்த அமைப்பான நாவிக்கின் கதையோ கவலைக்குரியது. பெங்களூருவை அடுத்த பையலாலு மையத்திலிருந்து கண்காணிக்கப்படும் அதன் ஏழு செயற்கைக்கோள்களும் 2016-க்குள் ஏவி முடிக்கப்பட்டன. பின்னர், வெளிநாட்டில் வாங்கிய அணுக் கடிகாரங்கள் பல பழுதடைந்தன. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை.

செயற்கைக்கோள் கருவி பொருத்திய வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் வரை கட்டணமில்லை என 2024 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது. ஆயினும், 2025 மே 1 முதல் நாடு முழுவதும் இம்முறை வருவதாகப் பரவிய செய்தியை மத்திய அமைச்சகம் ஏப்ரலிலேயே மறுத்தது. தேர்ந்தெடுத்த சுங்கச்சாவடிகளில் எண் பலகையைப் படிக்கும் கேமராவையும் ஃபாஸ்டேகையும் இணைத்துச் சோதிக்கப் போவதாக அது அறிவித்தது.