சிறுபான்மையினருக்கு மருத்துவர்கள்: யார் செலவில்?



மார்ச் 3ஆம் நாள் திருச்சபை நினைவுகூரும் புனிதர்களுள் ஒருவர் கேத்தரின் டிரெக்சல். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1858ஆம் ஆண்டு, பெரும் வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தவர். பூர்வகுடி மக்களிடையே பணிபுரிய மறைப்பணியாளர்களை அனுப்புமாறு திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவிடம் வேண்டியபோது, நீயே ஏன் போகக்கூடாது என்று அவர் கேட்டாராம். கேத்தரின் துறவறம் ஏற்று, 1891இல் ஒரு சபையைத் தொடங்கினார். தமக்கு வந்த ஏறத்தாழ 2 கோடி டாலரைக் கறுப்பின மக்களுக்கும் பூர்வகுடி மக்களுக்கும் பள்ளிகள் கட்டச் செலவிட்டார். 2000ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்டார்.

குருமடத்தில் இதுவரை படித்திருக்கிறோம். இதற்கு அடுத்த பக்கத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கேத்தரினின் தந்தை உயிலில் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மகள்களுக்கு வருமானம் மட்டுமே கிடைக்கும்; அவர்களுக்கு வாரிசு இல்லையேல், கடைசி மகள் இறந்ததும் முதல் முழுவதும் அவர் பெயர் குறித்த அறநிலையங்களுக்குப் போய்விடும். உயில் எழுதியபோது கேத்தரினின் சபையே பிறக்கவில்லை. பட்டியலில் எப்படி இருக்கும்? 1955இல் 96ஆம் வயதில் கேத்தரின் கண்மூடிய அன்றே அந்த ஊற்று வற்றியது.

அவர் விட்டுச்சென்ற நிறுவனங்களுள் பெரியது நியூ ஓர்லியன்ஸ் நகரிலுள்ள சேவியர் பல்கலைக்கழகம். நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே புனித சவேரியாரின் பெயர்தான். 1925இல் உயர்கல்வி நிறுவனமானது. 1927இல் மருந்தியல் கல்லூரி தொடங்கியது. அங்கே இளங்கலை முடித்து மருத்துவக் கல்லூரிகளுக்குச் செல்லும் கறுப்பின மாணவரின் எண்ணிக்கை நாட்டிலேயே முன்னணியில் இருந்து வந்திருக்கிறது. புனிதர் கட்டிய வீட்டுக்கு அவருக்குப் பின் எண்ணெய் ஊற்றியது யார்?

இங்கே ஒரு சொல் விளக்கம். சிறுபான்மையினர் என்றதும் நமக்குச் சமயமே நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அச்சொல் பெரும்பாலும் கறுப்பினத்தாரையும், ஸ்பானிய மொழி பேசும் வம்சத்தாரையும், பூர்வகுடிகளையும் குறிக்கும். கறுப்பினத்தார் மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காடு. மருத்துவர்களிலோ ஏறத்தாழ 5 விழுக்காடுதான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் மருத்துவக் கல்லூரிகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டார். தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் கறுப்பினத்தாருக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் ஐந்து 1923க்குள் மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. தரத்தை உயர்த்தக் காசு தருகிறோம் என்று அன்று அரசு முன்வந்திருந்தால்? இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

அதைவிடக் கொடியது டஸ்கிகீ. அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை அரசின் பொது சுகாதாரத் துறையே, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஏழை ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர்களை அழைத்துவந்து கவனித்த செவிலியரும் ஒரு கறுப்பினப் பெண்ணே என்பதையும் மறைக்கக்கூடாது. தோல் நிறம் ஒன்றே மனச்சான்றுக்கு உத்தரவாதம் ஆகிவிடாது.

ஆயினும் நம்பிக்கை எங்கே பிறக்கிறது என்பதற்கு ஓக்லாந்து நகரில் நடந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. 2018இல் வெளியானது. ஏறத்தாழ 1,300 கறுப்பின ஆண்கள். அவர்களுள் மருத்துவ நிலையத்துக்கு வந்தவர்களுக்கு மருத்துவரின் படத்தைக் காட்டி, எந்தெந்தச் சோதனை வேண்டும் என்று கேட்டார்கள். படத்தில் இருப்பவர் கறுப்பரா இல்லையா என்பது விடையைப் பெரிதாக மாற்றவில்லை. ஆனால் அறைக்குள் போய்ப் பேசிய பிறகு, கறுப்பின மருத்துவரைக் கண்டவர்கள் கூடுதலான சோதனைகளுக்கு இசைந்தார்கள், குறிப்பாக இரத்தம் எடுக்க வேண்டிய சர்க்கரை, கொழுப்புச் சோதனைகளுக்கு. முகம் பார்த்து அல்ல, பேச்சில்தான் மனம் திறந்தது. நோயில் பூசுதல் கொடுக்கப் போகும் எந்தக் குருவுக்கும் இது புதிதல்ல.

அரசு விழித்தது 1985இல். நலத்துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 மிகை மரணங்கள் நிகழ்வதாகக் கணக்கிட்டது. 1987இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி உதவி பெற்ற நான்கு: மெஹாரியின் மருத்துவக் கல்லூரி, அதன் பல் மருத்துவக் கல்லூரி, டஸ்கிகீயின் கால்நடை மருத்துவக் கல்லூரி, புனித கேத்தரினின் மருந்தியல் கல்லூரி. 1990இல் ஸ்பானிய வம்சத்தாருக்கும் பூர்வகுடிகளுக்கும் பணிபுரியும் கல்லூரிகளுக்கும் இது விரிந்தது. மாணவருக்கு உதவித்தொகை, பின்தங்கியவருக்குத் தனிப் பயிற்சி, பேராசிரியர் நியமனம், நூலகம், ஏழைகள் வாழும் பகுதிகளில் உள்ள மருத்துவ நிலையங்களில் பயிற்சி என்று பணம் செலவாகும். இதோடு, 1970இல் பிறந்த தேசிய நலப் பணிப் படையும் உண்டு. அது இனம் பார்ப்பதில்லை. மருத்துவர் இல்லாத ஊரில் குறைந்தது இரண்டு ஆண்டு பணிபுரிய உடன்பட்டால், படிப்புச் செலவையோ கல்விக் கடனையோ அரசு ஏற்கும்.

நல்ல சமாரியர் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற வாக்கையும் அவர் கொடுத்தார். அந்த இரண்டாவது வாக்கை நாம் ஏனோ விரைவாகக் கடந்து விடுகிறோம்.

அரசும் கடந்தது. 2006 நிதியாண்டில் இந்த மையங்களுக்கான ஒதுக்கீடு ஏறத்தாழ 3.4 கோடி டாலரிலிருந்து 1.2 கோடியாகச் சரிந்தது. 34 மையங்கள் நான்காயின. கறுப்பினக் கல்லூரிகளுக்குச் சட்டம் தந்த முன்னுரிமையால்தான் அந்த முதல் நான்கும் தப்பின. 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் வெள்ளம் சேவியர் வளாகத்தை மூழ்கடித்து, 2006 ஜனவரியில்தான் வகுப்புகள் மீண்டும் தொடங்கின என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பின்வந்த ஆண்டுகளில் வெட்டிய தொகையில் ஒரு பகுதி திரும்பியது. ஆனால் ஒரு மருத்துவர் உருவாகப் பள்ளிக்குப் பின் பதினோரு ஆண்டுகளாவது ஆகும். வரவு செலவுத் திட்டமோ ஆண்டுக்கொரு முறை மாறுவது. நடுவழியில் நின்றுபோன மாணவி, நிதி திரும்பிய ஆண்டில் அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கமாட்டாள்.

2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதற்குத் தடை விதித்தது. மறு ஆண்டே சேவியர் பல்கலைக்கழகம், ஆக்ஸ்னர் மருத்துவமனைக் குழுமத்துடன் சேர்ந்து தனக்கென ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. கேத்தரினின் பணம் நின்று 69 ஆண்டுகள் கழித்து.