தகப்பனின் வருமானம் என்னும் கட்டம்

பல்கலைக்கழக வாசல் வரை – 7

இலங்கையில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாய், இன்றும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளை படிப்புக்குக் கட்டணம் கட்டுவதில்லை. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 சதவீத இடங்களில் முல்லைத்தீவுக்கும் பங்குண்டு. ஆனால் அங்குள்ள முள்ளியவளையிலிருந்து பேராதனைக்கோ மாத்தறைக்கோ போகிற பிள்ளைக்கு மெத்தை வாங்கவேண்டும், போடிங்குக்கு முற்பணம் கொடுக்கவேண்டும், மூன்று நேரமும் சாப்பிடக் காசு வேண்டும். வெட்டுப்புள்ளி வெளியான அன்றே வீட்டில் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மகாபொல புலமைப்பரிசில் வருகிறது. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்த காலத்தில், 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிதியம் அதை வழங்குகிறது. மாதம் 5,000 ரூபாவாக இருந்த தொகையை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500 ஆக்கியது. மகாபொல கிடைக்காத வசதி குறைந்த மாணவருக்குப் பல்கலைக்கழகம் வழியாகக் கிடைக்கும் பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆனது. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். மகாபொல ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தவணை. 2025 இன் தொகைப்படி வருடத்துக்கு 75,000 ரூபா. வசதியாக வாழப் போதாது. பட்டினி கிடக்காமல் படிக்க அது உதவும்.

பெறுபேற்றோடு குடும்ப வருமானத்தையும் பார்த்தே பெரும்பாலான உதவிகள் வழங்கப்படுகின்றன. ஆகவே கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் தேவைப்படும். எங்கள் சனத்துக்குச் சிக்கல் தொடங்குவதும் இதில்தான். சம்பளப் பட்டியல் உள்ள வீடு எத்தனை? வயல் ஒரு போகம் விளையும், மறுபோகம் காயும். கடலுக்குப் போனால் காசு, போகாவிட்டால் இல்லை. கூலி வேலை பத்து நாள் இருக்கும், இருபது நாள் இராது. பயத்தில் சிலர் "வருமானம் இல்லை" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படி எழுதவேண்டாம். வருமானமே இல்லாவிட்டால் எப்படிச் சீவிக்கிறீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். கூலி, தையல், கோழி, வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பும் காசு என எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் மாதவாரியாக எழுதிக் கூட்டி, அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். உண்மையான கணக்கே உங்கள் பிள்ளைக்குப் பலம்.

படிவத்தில் அடுத்தது தகப்பனைப் பற்றிய கட்டம். 2009 இல் போர் முடிந்த பிறகு வன்னியில் இதைவிடக் கனமான கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. அலுவலர் பேனாவை எடுத்து, "அம்மா, தகப்பனுக்கு என்ன போடட்டும்?" என்று கேட்கிறார். பொலித்தீன் பைக்குள் பழைய அடையாள அட்டைப் பிரதியைத் தடவியபடி தாய் சொல்கிறார்: "செத்திட்டார் எண்டு போடாதேங்கோ ஐயா. நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறம்."

அந்தத் தாய் கேட்பது நியாயம். காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமலேயே பிள்ளைகளின் பொறுப்பையும் கொடுப்பனவுகளையும் கவனிக்க, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் காணப்படாமைக்கான சான்றிதழுக்கு வழி செய்தது. அதையும் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் உண்டு. அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டை நடத்துவது தாய் என்பதையும் அவரது உழைப்பே வருமானம் என்பதையும் தெளிவாக எழுதித் தரும்படி கிராம அலுவலரிடம் கேளுங்கள். இது யாசகம் அல்ல. பிள்ளைக்குச் சேரவேண்டிய ஒன்றைக் கேட்கிறீர்கள்.

மகாபொலப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் மனம் உடைந்து வீட்டில் இருக்காமல், பல்கலைக்கழக மாணவர் நலன் பிரிவுக்குப் போய் பர்சரி பற்றிக் கேட்கவேண்டும். அரச பல்கலைக்கழக இடமே கிடைக்காத பிள்ளைகளுக்கு, அங்கீகாரம் பெற்ற தனியார் பட்டப்படிப்புகளுக்கான வட்டியில்லாக் கடன் 2017 முதல் இருக்கிறது. வட்டி இல்லையே தவிர அது கடன். படிப்பு முடிந்த பின் பிள்ளைதான் கட்டவேண்டும். எந்தப் படிப்பு என்று யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

இன்னொன்று. பட்டியலில் பெயர் வந்தாலும் காசு உடனே கைக்கு வராது. முதல் தவணை பிந்துவதும் நிலுவை சேர்ந்து வருவதும் வழக்கம். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை விடுகிறார்கள், வேலை தேடி வகுப்பைத் தவறவிடுகிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: பரிசளிப்பு விழாவுக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கை, புதிதாகப் போகும் பிள்ளைகளின் முதல் நான்கு மாதச் சாப்பாட்டுக்கு ஒதுக்கித் தாருங்கள்.

(தொடரும்)