ஆக்சன் மெசேஜ் ஃபார்மட்

ஆக்சன் மெசேஜ் ஃபார்மட் (சுருக்கமாக ஏ.எம்.எஃப்) என்பது நிரலில் உள்ள பொருட்களை இரும வடிவில் தொடராக்கி, வலை வழங்கிக்கும் பயனரின் கணினியில் இயங்கும் செயலிக்கும் இடையே பரிமாறிக்கொள்ள உதவும் தரவு வடிவம் ஆகும். இது மாக்ரோமீடியா நிறுவனத்தால் ஃபிளாஷ் பிளேயருக்காக உருவாக்கப்பட்டது.

தேவை

நிரல் இயங்கும்போது அதன் பொருட்கள் நினைவகத்தில் ஒன்றையொன்று சுட்டியவாறு இருக்கும். வலையமைப்போ பைட்டுகளின் வரிசையை மட்டுமே கடத்த வல்லது. எனவே பொருளைப் பைட்டு வரிசையாக மாற்றுவதும் (தொடராக்கம்), மறுமுனையில் அதனை மீண்டும் பொருளாக்குவதும் (மீளமைப்பு) தேவையாகின்றன. எக்ஸ்.எம்.எல் போன்ற உரை வடிவங்களில் ஒவ்வொரு புலத்தின் பெயரும் திரும்பத் திரும்ப எழுதப்படுவதால் செய்தியின் அளவு பெருகுகிறது. ஏ.எம்.எஃப் இதனைத் தவிர்க்கிறது.

வரலாறு

முதற் பதிப்பான ஏ.எம்.எஃப்0, 2002 இல் வெளியான ஃபிளாஷ் பிளேயர் 6 உடன் அறிமுகமானது. தொடக்கத்தில் இதன் விவரக்கூற்று வெளியிடப்படவில்லை. தன்னார்வ நிரலாளர்கள் கடத்தப்படும் பைட்டுகளை ஆராய்ந்து வடிவத்தை அறிந்து, ஏ.எம்.எஃப்.பி.எச்.பி போன்ற கட்டற்ற மென்பொருட்களை எழுதினர். 2005 திசம்பரில் அடோபி நிறுவனம் மாக்ரோமீடியாவை வாங்கியது. 2006 இல் ஃபிளாஷ் பிளேயர் 9, ஆக்சன்ஸ்கிரிப்ட் 3.0 ஆகியவற்றுடன் ஏ.எம்.எஃப்3 வெளியானது. 2007 திசம்பரில் அடோபி இதன் விவரக்கூற்றை வெளியிட்டதுடன், பிளேஸ்டிஎஸ் என்னும் வழங்கி மென்பொருளைத் திறந்த மூலமாக அளிப்பதாகவும் அறிவித்தது.

கட்டமைப்பு

ஒவ்வொரு மதிப்பின் முன்னும் அதன் வகையைக் காட்டும் ஒரு பைட்டுக் குறி இடம்பெறும். ஏ.எம்.எஃப்0 இல் எல்லா எண்களும் 8 பைட்டுகளில் எழுதப்படுகின்றன. குறியையும் சேர்த்தால் 5 என்னும் சிறிய எண்ணுக்கும் 9 பைட்டுகள் வேண்டும். ஏ.எம்.எஃப்3 இல் 29 இருமங்களுக்குள் அடங்கும் முழு எண்கள் 1 முதல் 4 பைட்டுகளில் எழுதப்படுவதால் அதே எண் 2 பைட்டுகளில் முடிந்துவிடும்.

சரங்கள் யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தில் அமையும். இதில் தமிழ் ஒருங்குறிக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். "வணக்கம்" என்ற சொல்லில் 7 குறியீடுகள் உள்ளமையால் அது 21 பைட்டுகள் ஆகும். ஏ.எம்.எஃப்3 இல் இச்சொல் முதன்முறை வரும்போது வகைக் குறி, நீளம் ஆகியவற்றோடு 23 பைட்டுகளில் எழுதப்படும். அதே செய்தியில் மீண்டும் வந்தால் முன்னர் வந்த இடத்தின் வரிசை எண் மட்டுமே எழுதப்படும்; பெரும்பாலும் இதற்கு 2 பைட்டுகளே போதும். பொருட்களுக்கும் வகுப்பு விளக்கங்களுக்கும் இம்முறையே பின்பற்றப்படுகிறது. ஆகவே ஒரே வகுப்பைச் சேர்ந்த நூறு பொருட்களை அனுப்பினாலும் புலப் பெயர்கள் ஒருமுறைதான் செல்லும்.

பாதுகாப்பு

செய்தியில் பொருளின் வகுப்புப் பெயரும் இடம்பெறலாம். வழங்கி அப்பெயரை அப்படியே நம்பிப் பொருளை உருவாக்கினால், எந்த வகுப்பை இயக்குவது என்பதை அனுப்புநரே முடிவுசெய்ய இயலும். இதனால் தாக்குபவர் வழங்கியில் தாம் விரும்பிய நிரலை இயக்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. பிளேஸ்டிஎஸ் உள்ளிட்ட பல ஜாவா நிரலகங்களில் இத்தகைய குறைபாடு இருப்பதாக 2017 இல் எச்சரிக்கை வெளியானது. முன்கூட்டியே பட்டியலிடப்பட்ட வகுப்புகளை மட்டும் அனுமதிப்பது இதற்கான முதன்மைத் தீர்வாகும். இச்சிக்கல் ஏ.எம்.எஃப் வடிவத்துக்கு மட்டும் உரியதன்று. வகுப்புப் பெயரைச் சுமந்து செல்லும் பிற தொடராக்க முறைகளுக்கும் பொருந்தும்.

தற்போதைய நிலை

ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 திசம்பர் 31 அன்று நிறுத்தியது. இதனால் உலாவிகளில் ஏ.எம்.எஃப் பயன்பாடு மறைந்தது. எனினும் நேரலை நிகழ்படங்களை வழங்கிக்கு அனுப்பப் பயன்படும் ஆர்.டி.எம்.பி நெறிமுறையின் கட்டளைகளும், எஃப்.எல்.வி கோப்புகளின் விவரத் தரவுகளும் இவ்வடிவிலேயே எழுதப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* எக்ஸ்.எம்.எல்
* ஜேசான்
* ஒருங்குறி