மலை தாங்கும் கணக்கு

வீட்டுத் திட்டம் ஒன்று வரும்போது முதலில் அறிவிக்கப்படுவது ஓர் எண்தான். இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 என்று அறிவித்தார். இங்கிலாந்திலும் ஐந்தாண்டில் 15 இலட்சம் வீடுகள் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு உள்ளூராட்சி சபைக்கும் அதன் பங்கு எண்ணாக வந்து சேர, ஊர்வாசிகள் ஆட்சேபிக்கிறார்கள். அங்கே கவலை வயல்வெளியும் வாகன நெரிசலும். கினிகத்தேனைப் பக்கம் கவலை உயிரைப் பற்றியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லயத்துச் சனத்துக்கு வீடு வேணும். அதில் இரண்டாம் பேச்சில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை ஒன்றாய்க் கிடப்பது யாருக்கும் பெருமையல்ல. ஆட்சேபணை வீட்டின் மேலல்ல, தரையைப் பார்க்காமல் போடும் எண்ணின் மேல்.

ஒரு கணக்கு பார்ப்போம். இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று வைத்தார்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச். பாதைக்கும் கானுக்கும் இடம் விடாமல் பார்த்தாலும் ஏக்கருக்கு 22 வீடுதான். சரிவான நிலத்தில் 22 வீடு என்றால், மலையை 22 இடத்தில் வெட்டிச் சமதரை எடுக்க வேண்டும். 22 மலசலகூடக் குழிகள் மண்ணுக்குள் தண்ணி இறக்கும். மேற்பக்கம் வெட்டிய மண் பிடிமானம் இழக்கிறது. அதே மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்பினால் அது இறுகாமல் கிடக்கிறது. ஒரு வீட்டுக்கு மலை தாங்கும். நெருக்கமாய் இருபதுக்குத் தாங்குமா?

இங்கே பெய்வது சாதாரண மழையுமல்ல. பக்கத்து வட்டவளை நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் ஒன்று. 2019 ஜூலையில் கினிகத்தேனை நகரிலேயே, கொழும்பு - ஹட்டன் வீதியோரக் கடைகள் மண்ணோடு சரிந்து விழுந்தன. ஓர் உயிரும் போனது. தோட்டமல்ல, கடைத்தெரு. இருக்கிற கட்டடங்களையே தாங்கத் திணறும் சரிவு இது.

எண் எப்படிச் சரிவுக்குப் போகிறது? தோட்டக் காணிகள் அரசுக்குச் சொந்தமானவை; 1992 முதல் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகையில் இருக்கின்றன. கொழுந்து நன்றாக வரும் நல்ல தரையை விட்டுக்கொடுக்கக் கம்பனிக்கு மனம் வராது. இலக்கை எட்டியாக வேண்டிய அதிகாரிக்கோ கிடைத்த துண்டே போதும். இருவருக்கும் நடுவில் குடும்பம் விளிம்பில் போய்க் குடியேறுகிறது.

பெரிய எண் வேகத்தையும் தருவதில்லை. 2017இல் சொன்ன 10,000 வீடுகளில் முதற்கட்டமான 1,300க்கு வேலை தொடங்கியது 2024 பெப்ரவரியில். மறுபுறம், கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஆபத்து இருக்கிறதென்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சனம் இடம்மாறவில்லை; 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. மொத்த எண்ணைவிட, யாருக்கு முதலில் என்ற வரிசை முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக எது சொல்லும்?

ஆகவே, அம்பகமுவ பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ திட்டம் பற்றிப் பேச்சு வரும்போது, “வேணாம்” என்று மட்டும் சொல்லி எழுந்து வருவதில் பயனில்லை. நாலு கேள்வியை எழுத்தில் கொடுக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் இந்தத் துண்டு எந்த நிறம்? மழைத்தண்ணி இறங்கக் கான் எங்கே, அதைப் பராமரிப்பது யார்? கோடையில் குடிதண்ணி எந்த ஊற்றிலிருந்து? அபாய வலயத்தில் இப்போதே இருக்கும் குடும்பங்கள் பட்டியலில் எத்தனையாவது?

இந்த நாலுக்கும் பதில் கிடைத்த பிறகு வரும் எண் பத்தாயிரமாக இருக்காது. சில நூறாக இருக்கலாம். ஆனால் அந்தச் சில நூறு வீடுகளில், அடைமழை இரவிலும் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கும்.