கூடைப் பந்தாடும் பெண்களும் சர்வகலாசாலை எல்லையும்

தூத்துக்குடிக் கல்லூரிப் பெண்களின் கூடைப் பந்துக் கோஷ்டி எந்தப் பந்தய வட்டத்தில் ஆடுவது நலம் என்ற கேள்வி, வேலையற்றவர் மாலைப் பொழுதைப் போக்கப் பேசும் பேச்சாகச் சிலருக்குத் தோன்றக் கூடும். ஆட்ட அபிமானிகள் இதன்பொருட்டு இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுவதைக் கேட்டு நகைப்போரும் உண்டு. நாம் நகைக்கவில்லை. ஒரு கல்லூரி எந்தச் சர்வகலாசாலையைச் சேர்ந்தது என்ற ஒரு விஷயமே, அதன் பெண்கள் யாருடன் ஆடுவார்கள், எத்தனை தூரம் பிரயாணம் செய்வார்கள், படிப்பு முடிந்தபின் என்ன அத்தாட்சிப் பத்திரத்தோடு உத்தியோகம் தேடிப் போவார்கள் என்பவற்றை எல்லாம் நிர்ணயித்து விடுகிறது.

தூய மரியன்னை கல்லூரியின் சரித்திரத்தையே எடுத்துக் கொள்வோம். அது 1948-இல் தோன்றியபோது இக்கடற்கரையின் கல்லூரிகள் சென்னைச் சர்வகலாசாலையின் ஆதிக்கத்தில் இருந்தன. 1966-இல் மதுரையில் தனிச் சர்வகலாசாலை ஏற்பட்டதும் தென் ஜில்லாக் கல்லூரிகள் அதனிடம் சென்றன. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனாரின் திருநாமத்தால் திருநெல்வேலியில் மற்றொன்று நிறுவப்படவே, நெல்லை, தூத்துக்குடி, கன்யாகுமரி ஜில்லாக்கள் மதுரையை விட்டுப் பிரிந்தன. 42 வருஷங்களில் ஒரே கல்லூரிக்கு மூன்று குடைகள்! பரீட்சை, பட்டம், நிர்வாக வசதி இவற்றை உத்தேசித்தே இம்மாற்றங்கள் நடந்தன. பந்தாடும் பெண்கள் அந்த வண்டியில் ஏற்றப்பட்ட மூட்டைகளைப் போல உடன் சென்றார்கள். (சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்ததும் 1891, அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடையை மாட்டி இவ்வாட்டத்தைக் கண்டுபிடித்ததும் 1891. இரண்டும் நூறு வருஷத்திற்குப் பின் ஒரே மைதானத்தில் சந்திக்கும் என்று யார் நினைத்திருப்பார்!)

இந்தப் பந்தய முறையை அறியாதவர்க்காகச் சுருக்கமாகச் சொல்வோம். ஒரு சர்வகலாசாலையைச் சேர்ந்த கல்லூரிகள் தங்களுக்குள் ஆடுகின்றன. அதிலிருந்து 12 பேர் பொறுக்கி எடுக்கப்பட்டுச் சர்வகலாசாலையின் கோஷ்டியாகத் தென்மண்டலப் பந்தயத்திற்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே முன்னணியில் வரும் கோஷ்டிகள் அகில இந்தியப் பந்தயத்திற்குச் செல்லும். 1925-இல் வேறு பெயரால் தோன்றி, 1973 முதல் இந்தியச் சர்வகலாசாலைகளின் சங்கம் என்று வழங்கும் ஸ்தாபனமே இதை நடத்தி வருகிறது. மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் விளையாட்டு வீரருக்கென்று வகுத்த விதிகள், தன் சர்வகலாசாலையின் சார்பாக இப்பந்தயத்தில் ஆடியதை ஒரு தகுதியாக ஏற்கின்றன. ஆகவே அந்தப் பன்னிரண்டு ஸ்தானங்களுள் ஒன்று என்பது வெறும் சட்டையும் இலக்கமும் அன்று. மீன்பிடித் துறையிலோ உப்பளத்திலோ உழைக்கும் ஒரு குடும்பத்தின் பெண்ணுக்கு அது மாதச் சம்பளத்தின் வாசற்படி. இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை வகித்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னை அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயின் ஊழியர் என்பதை இங்கே நினைவூட்டுவது போதும்.

இனி வழக்கிற்கு வருவோம். நெல்லைக் கட்சியார் சொல்வதாவது: தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி சுமார் 50 கிலோமீட்டர், காலையில் புறப்பட்ட பெண் ஆடி முடித்து இரவுக்குள் வீடு திரும்பலாம். மதுரையோ அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம். சென்னை 600 கிலோமீட்டர். "ராத்தங்கல் உண்டா?" என்பதே நம் வீடுகளில் தகப்பனார் கேட்கும் முதற் கேள்வி, பல பெண்களின் ஆட்டம் அந்தக் கேள்வியோடு முடிந்து விடுகிறது. மேலும், சென்னை மாகாணத்தின் பெரும் பகுதிக்கு 12 ஸ்தானங்கள் என்றிருந்த காலத்தில் கடற்கரைப் பெண்ணுக்கு என்ன கிடைத்திருக்கும்? வட்டம் சுருங்கச் சுருங்க அவளுடைய வாய்ப்புப் பெருகுகிறது. தூத்துக்குடி மகாலட்சுமி கல்லூரியும், திருச்செந்தூர் கோவிந்தம்மாள் ஆதித்தனார் கல்லூரியும், காயல்பட்டினம் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரியும் தத்தம் பெண்களைத் துணிந்து அனுப்பக் கூடியது இந்த அருகாமையினால்தான்.

எதிர்க்கட்சியார் வாதமும் எளிதில் தள்ளத் தக்கதன்று. மதுரை லேடி டோக் கல்லூரியும் நம் மரியன்னை கல்லூரியைப் போல 1948-இல் பிறந்தது. பாத்திமா கல்லூரி 1953-இல் வந்தது. 1990 வரை இவை எல்லாம் ஒரே வட்டம். எல்லைக் கோடு கிழிக்கப்பட்ட பின், தனி அழைப்புப் பந்தயங்களில் தவிர இவை சந்திக்க வழியில்லை. வலிமையுள்ள எதிராளி இல்லாத இடத்தில் ஆட்டம் தேங்கிப் போகும் என்று இவர்கள் அஞ்சுகிறார்கள்.

இந்த அச்சம் எவ்வளவு உண்மை என்பதை அளந்து பார்க்க அமெரிக்காவிலே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அங்கே பெண்கள் கூடைப் பந்துக்குப் புகழ் பெற்ற கனெக்டிகட் சர்வகலாசாலை, அது ஆடி வந்த 'பிக் ஈஸ்ட்' என்னும் வட்டம் 2013-இல் ஆண்களின் கால்பந்து வருமானத்தைப் பற்றிய விவகாரத்தால் பிளவுபட்டபோது, வலிமை குறைந்த புதிய வட்டமொன்றில் விடப்பட்டது. அவ்வட்டத்தினுள் 7 பருவங்களில் 139 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூட அது தோற்கவில்லை. அபிமானிகள் மகிழ்ந்தார்களா? இல்லை. சுலப வெற்றி தங்கள் பெண்களை மழுங்க அடிக்கும் என்று புலம்பினார்கள். 2014, 2015, 2016 மூன்று வருஷமும் தேசியப் பட்டம் கிடைத்தது; அடுத்த மூன்று வருஷமும் அரையிறுதியில் தோல்வி. இரு கட்சியாரும் தத்தமக்கு வேண்டிய மூன்று வருஷங்களை எடுத்துக் கொள்ளலாம்! 2020-இல் அது பழைய வட்டத்திற்கே திரும்பியது. 2025-இல் மீண்டும் பட்டம் பெற்றது. நம் கவனத்திற்கு உரியது வேறொன்று. எளிய வட்டத்தில் இருந்த காலமெல்லாம் அந்தக் கோஷ்டி வெளியிலிருந்த பலசாலிகளைத் தேடிப் பிடித்துத் தனியாக ஆடி வந்தது. குடை எதுவாயினும் குடைக்கு வெளியே ஆடும் ஏற்பாடுதான் அதைக் காப்பாற்றியது என்பது நமது அபிப்பிராயம்.

தூரத்தின் கொடுமைக்கும் அங்கேயே சாட்சி உண்டு. கல்லூரிப் பெண்களின் கோஷ்டிகளுக்கிடையே முதற் கூடைப் பந்து ஆட்டம் 1896-இல் ஸ்டான்போர்டுக்கும் கலிபோர்னியாவுக்கும் நடந்தது. ஆண்கள் பார்க்க அனுமதியில்லை. ஸ்டான்போர்டு இரண்டுக்கு ஒன்றாக வென்றது. பசிபிக் கரையிலுள்ள அவ்விரண்டு சர்வகலாசாலைகளும் 2024-இல் அட்லாண்டிக் கரை வட்டத்தில் சேர்ந்தன. காரணம் மறுபடியும் ஆண்களின் கால்பந்தும் டெலிவிஷன் பணமும். பெண்கள் ஒரு பந்தயத்திற்காக ஒரு கண்டத்தையே கடக்க வேண்டியதாயிற்று. அவ்வருஷப் பருவத்தில் ஸ்டான்போர்டு, 36 முறை தொடர்ந்து இடம் பெற்றிருந்த தேசியப் பந்தயத்தில் இடம் பெறவில்லை. நெடுங்காலம் பயிற்றிய ஆசிரியை அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பழி முழுவதும் ஆகாய விமானத்தின் மேல் அன்று.

நிற்க. நம் கடற்கரைக்கு இனி வரவிருப்பது 1990-இன் மாற்றத்தைவிடப் பெரியது. மத்திய சர்க்காரின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, கல்லூரிகள் சர்வகலாசாலையைச் சார்ந்திருக்கும் முறையையே 15 வருஷங்களில் படிப்படியாக நீக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் அக்கொள்கையை ஏற்கவில்லை. ஆயினும் கேள்வி கேள்விதான்: சார்பு முறை போய்விட்டால், சார்ந்த கல்லூரிகளின் பந்தயம் எங்கே நடக்கும்? கல்லூரி ஒவ்வொன்றும் தானே பட்டமளிக்கும் நிலையில், 12 பேரைத் தேறச் செய்யவே திண்டாடும் சிறு கல்லூரி எந்த மண்டலத்தில் யாரோடு மோதும்? இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவாரைக் காணோம்.

இதற்கிடையே, பள்ளிக்கூடத்திலேயே நன்றாக ஆடும் பெண்ணுக்குத் தனியார் சர்வகலாசாலைகள் சம்பளமில்லாப் படிப்பும் விடுதியும் கொடுத்து அழைத்துக் கொள்கின்றன. அவள் போவது நியாயமே. அவளைக் குறை சொல்லும் அபிமானி தன் மகளுக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வார்? ஆனால் முத்துச் சலாபத்தை அறிந்த ஊர் இது. பழைய சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூச்சடக்கி மூழ்கினவனுக்கு ஒரு பங்கு. 1961-க்குப் பின் சலாபமே இல்லை. பாரில் சிப்பி விளையாவிட்டால் பங்கைப் பற்றிய சண்டைக்கும் இடமில்லை.

ஆகவே நாம் யோசனையாகச் சொல்வது இது. நெல்லையின் குடையை விட்டு ஓட வேண்டாம். அதனுள்ளேயே அடைந்து கிடக்கவும் வேண்டாம். மதுரை, நெல்லை இரண்டு சர்வகலாசாலைகளும் சேர்ந்து, எல்லைக் கோட்டைப் பாராமல், தென் ஜில்லாப் பெண் கல்லூரிகளுக்கென்று வருஷப் பந்தயம் ஒன்றை நடத்தலாம். சாரா டக்கர் கல்லூரியும் நாகர்கோவில் திருச்சிலுவைக் கல்லூரியும் லேடி டோக்கும் மரியன்னையும் முறைவைத்து மைதானம் கொடுக்கட்டும். சார்பு முறை நிலைத்தாலும் போனாலும் இப்பந்தயம் நிற்கும். வண்டிச் செலவும், உடன் செல்லும் ஆசிரியையின் படியும் சர்வகலாசாலை நிதியிலிருந்து வர வேண்டும். பெண்களிடம் வசூலிக்கக் கூடாது. தூத்துக்குடியில் நடக்கும் முறைக்கு, வெளியூர்க் கோஷ்டிகளின் ஆட்டங்களை முற்பகலில் வைத்து, ஆறு மணிக்குள் கடைசி ஊதலை ஊதி விட்டால், சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள திருச்செந்தூர்ப் பெண்கள் அன்றிரவே சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரலாம்.