முப்பத்தைந்து விநாடி

ஹப்புத்தளை லிப்டன் சீட்டில் ஏறி நின்றால், மப்பில்லாத காலையில் தெற்கே கடல் தெரியும். கொழுந்து மலைகள் சரிந்திறங்கி, வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி விரிந்து, அதற்கும் அப்பால் வெளுத்த ஒரு கோடு. 1,900 மீற்றருக்கு மேலே நிற்பவருக்கு 150 கிலோமீற்றர் தாண்டித்தான் பூமியின் வளைவு குறுக்கே வருகிறது. கடற்கரையில் நிற்பவருக்கு அந்த எல்லை 5 கிலோமீற்றர்கூட இல்லை.

போர்க்கப்பலின் பெரும் சிக்கலும் இந்த வளைவுதான். ரேடார் அலை கிட்டத்தட்ட நேராகவே செல்கிறது. 25 மீற்றர் உயரத்தில் ரேடாரைப் பொருத்தினாலும், அலைக்கு 10 மீற்றர் மேலே சீறிவரும் ஏவுகணை சுமார் 33 கிலோமீற்றருக்குள் வந்தபிறகே தென்படும்.

1967 ஒக்டோபர் 21இல் இஸ்ரேலின் ஈலாத் கப்பலை மூழ்கடித்த எகிப்திய ஏவுகணைகள் ஒலியைவிட மெதுவானவை. அத்தகையது 33 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நிமிடமாகும். இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து உருவாக்கிய பிரம்மோசுக்கு 35 விநாடி போதும். நாகர்கோவிலில் பிறந்த சிவதாணு பிள்ளை வழிநடத்திய திட்டம் அது. முதற்சோதனை 2001 ஜூன் 12. ஒலியைப்போல் 2.8 மடங்கு வேகம், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். அதன் ராம்ஜெட் எந்திரத்தில் காற்றை அழுத்தச் சுழலும் விசிறியே இல்லை! முதலில் ஒரு ரொக்கெட் உந்திவிடுகிறது. பிறகு அந்த வேகமே காற்றை அழுத்தி எரிபொருளோடு சேர்க்கிறது.

அந்த 35 விநாடிக்குள் கப்பல் அதைக் கண்டு, எதிரியென உறுதிசெய்து, எதிர் ஏவுகணையை விட்டாக வேண்டும். தவறினால் மிஞ்சுவது ஏகே-630 போன்ற பீரங்கி. நிமிடத்துக்கு 5,000 குண்டுகள் வரை பொழிந்தாலும் அதன் எட்டுகை 4 கிலோமீற்றரளவே. கிடைப்பது நான்கு விநாடி. குறி தப்பாமல் சிதைத்தாலும், உடைந்த துண்டுகள் அதே வேகத்தில் கப்பலை நோக்கியே பாயும்.

வேகத்துக்கும் விலை உண்டு. காற்று உராய்ந்து சூடேறும் உடலை வெப்ப உணரிகள் கண்டுகொள்ளும். தாழ்ந்தே பறந்தால் எரிபொருள் விரைவில் தீரும். ஆகையால் தொலைதூரம் போகவேண்டிய ஏவுகணை பாதிவழி உயரத்தில் பறந்து, இலக்கை நெருங்கும்போதே தாழ்கிறது. உயரத்தில் பறக்கும்வரை அதைத் தொலைவிலிருந்தே காணலாம்.

தாழ்ந்தபின் காண, பார்வையையும் மேலே தூக்க வேண்டும். இதற்காகவே இந்தியக் கடற்படை காமொவ்-31 ஹெலிகொப்டர்களை ரேடாரோடு பறக்கவிடுகிறது. 3,000 மீற்றர் உயரத்திலிருந்து கடல்விளிம்பு 200 கிலோமீற்றருக்கும் அப்பால் விலகுகிறது. 100 கிலோமீற்றரில் ஏவுகணையைப் பிடித்தாலும் 105 விநாடி கையிலிருக்கும். கப்பலைக் காக்க ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு பீரங்கிக்கு அல்ல, உயரத்திலிருந்து பார்க்கும் அந்த ரேடாருக்கே போகவேண்டும்.